வேற்றுமுகம் பார்க்காத குழந்தை

மஞ்சள் டி-ஷர்ட்டில் இருபது பேர். அவர்களுக்குப் பின்னால் நீல டி-ஷர்ட்டில் பதினைந்து பேர். 2010 பூகம்பத்துக்குப் பிந்தைய கோடைகளில் மயாமியிலிருந்து ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஒ-பிரின்ஸுக்குப் போன விமானங்களில் இது பழகிப்போன காட்சி. கல்யாண வீட்டுக்கு ஒரே மாதிரிப் புடவை எடுத்துக் கட்டிய அக்கா தங்கைகளைப் போல, ஒரு சபைக்கு ஒரு நிறம். முதுகில் ஒரு வேத வசனத்தின் எண், சபையின் பெயர், வருடம். பெட்டியும் மூட்டையுமாக ஊர் திரும்பும் ஹைட்டிக்காரர்கள் இவர்களுக்கு நடுவே ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

மஞ்சள் சட்டைக்காரர்களில் ஒருத்திக்குப் பதினேழு வயது என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் எதுவானால் என்ன, அவளைப் போன்றவர்கள் ஏராளம். வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் இப்படிக் குறுகிய கால மிஷன் பயணமாக வெளிநாடு போகிறார்கள் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் வுத்னோ 2009இல் வெளிவந்த நூலில் கணக்கிட்டார். ஆளுக்கு ஆயிரம் டாலர் என்று மிகவும் குறைத்துப் பிடித்தாலும் அது வருடத்துக்கு 160 கோடி டாலர். பெரும்பாலான பயணங்கள் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கிணற்றுக்குக் குழாய் இறக்குவார்கள். அநேகமாக எல்லாப் பயணங்களிலும் குழந்தைகள் இருப்பார்கள். குழந்தைகளோடு விளையாடுவதற்கு மொழி வேண்டாம், தொழில் தெரிய வேண்டாம், வயது பதினேழாக இருந்தால் போதும்.

அவளைக் கேலி செய்வது சுலபம். நிறையப் பேர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் இந்தப் பயணத்துக்காக நான்கு மாதம் கஷ்டப்பட்டிருப்பாள். சனிக்கிழமைகளில் சபையின் கார் நிறுத்துமிடத்தில் கார் கழுவியிருப்பாள். கேக் சுட்டு விற்றிருப்பாள். அத்தை, மாமா, பழைய டீச்சர், குடும்பப் பல் மருத்துவர் என்று ஒருவர் விடாமல் கடிதம் எழுதி, பயணத்துக்காக ஜெபிக்கவும் முடிந்தால் பணம் அனுப்பவும் கேட்டிருப்பாள். அதே வயதுப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகும்போது, கொசுவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பயப்படாமல், கரண்ட் இல்லாத ஊருக்கு இரண்டு பெட்டி நிறைய பலூனும் கால்பந்தும் கிரேயானும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அவள் மனசில் இருந்தது அன்புதான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பயணம் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை சபையார் அவளை முன்னால் நிற்கவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியபோது அவள் அம்மா அழுதிருப்பாள்.

அங்கே போய் அவள் நடத்தப்போவது வி.பி.எஸ். தமிழ்நாட்டில் மே மாதத்தில் ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. கோயில் வளாகத்தைக் கடந்து போனவர்களுக்கு இந்த மூன்றெழுத்தும் அதன் கைதட்டல் பாட்டுகளும் தெரிந்திருக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளி. அமெரிக்காவில் 1890களில் தொடங்கிய சமாச்சாரம் இது. நாசரேத்திலோ பாளையங்கோட்டையிலோ அதை நடத்துகிற டீச்சர் அதே தெருக்காரர். அடுத்த வாரம் மளிகைக் கடையில் பையனைப் பார்த்தால், “ஏலே, மனப்பாட வசனம் படிச்சியா?” என்று கேட்பார். அவன் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவார். ஹைட்டிக்குப் போன வி.பி.எஸ். சூட்கேஸில் போனது, சூட்கேஸிலேயே திரும்பியது.

ஐந்து நாள், ஐந்து கதை. காலையில் பாட்டு, அப்புறம் ஒரு சிறு நாடகம், கைவேலை, பிஸ்கட், கால்பந்து. கைவேலைகளில் பிரபலமானது மணி கோர்த்த கைக்கயிறு. கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை, தங்கம் என்று ஐந்து நிறம். கறுப்பு மணி பாவம், சிவப்பு ரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பச்சை வளர்ச்சி, தங்கம் பரலோகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் எழுத்தே இல்லாமல் வெறும் நிறத்தாள்களால் ஆன ஒரு சிறு புத்தகத்திலிருந்து வந்த பழக்கம் இது. கறுப்பு பாவம், வெள்ளை சுத்தம் என்பதை வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கறுப்புக் குழந்தைகளின் கையைப் பிடித்து விளக்குகிறாள் என்பது அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றாது. குழந்தைகளுக்கும் தோன்றாது. அவர்களுக்குத் தங்க நிற மணி இன்னும் ஒன்று வேண்டும்.

இந்த ஒரு வாரத்தில் யார் கண்ணிலும் படாத ஆள் ஒருவன் உண்டு. மொழிபெயர்ப்பாளன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது ஹைட்டி இளைஞன். ஆங்கிலத்தைப் பள்ளியிலும் சினிமாவிலும் பிடித்துக்கொண்டவன். கூட்டத்தின் தலைவர் ஒரு வாக்கியம் சொல்ல, அவன் கிரேயோல் மொழியில் ஒரு வாக்கியம். மொழிபெயர்ப்பாளர்கள் வட்டத்தில் ஒரு பழைய கதை உண்டு. பேச்சாளர் ஒரு நீளமான ஜோக் அடித்தாராம். மொழிபெயர்த்தவர், “இவர் ஏதோ ஜோக் சொன்னார், எல்லோரும் சிரித்துவிடுங்கள்” என்றாராம். சபையும் சிரித்ததாம். இந்த இளைஞனின் வேலையிலும் பாதி அதுதான். வந்தவர்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லத்துக்காரருக்குச் சங்கடம் வரக்கூடாது. நாள் முடிவில் கூலி வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவன். ஊருக்குக் கொண்டுபோகும் புகைப்படங்களில் அவன் ஓரத்தில் ஒரு தோளாகத்தான் விழுந்திருப்பான்.

புகைப்படங்களின் நடுவில் இருப்பது அந்தப் பையன்.

ஆறு வயது இருக்கலாம். மினி பஸ் இல்லத்தின் இரும்புக் கேட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவருகிற முப்பது பிள்ளைகளில் முதல் ஆள். “பிளான்! பிளான்!” என்று கத்திக்கொண்டு வருகிறான். கிரேயோலில் அதற்கு வெள்ளை என்று அர்த்தம், அந்நியர் என்றும் அர்த்தம். வேறு தேசத்துக் கறுப்பர் வந்தாலும் அவரும் பிளான்தான். பதினேழு வயதுப் பெண் கீழே இறங்கி இரண்டாவது அடி வைப்பதற்குள் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்கிறான். தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறான். தூக்கினால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். சாப்பாட்டு மணி அடிக்கிறவரை இறங்கவில்லை. வேறொருவர் கையை நீட்டினால் அவரிடமும் போகிறான். அன்று ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அவள் டைரியில் எழுதுவாள்: தன்னை முன்பின் அறியாத ஒரு குழந்தை தன் மேல் இவ்வளவு அன்பைக் கொட்டியதென்று. ஊருக்குப் போனதும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்போது இதைத்தான் முதலில் சொல்வாள். நாங்கள் கொடுத்ததைவிடப் பெற்றது அதிகம் என்று முடிப்பாள். எல்லோரும் அப்படித்தான் முடிப்பது வழக்கம்.

தமிழில் வேற்றுமுகம் என்று ஒரு சொல் இருக்கிறது. பேச்சில் வேத்துமுகம். எட்டு மாதக் குழந்தையை ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஆசையாகத் தூக்கப் போவார். குழந்தை உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு, அம்மாவின் தோளுக்குள் ஒளிந்துகொள்ளும். சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிப்போகும். “தப்பா நினைச்சுக்காதீங்க, வேத்துமுகம் பார்க்குது” என்று பாட்டி சமாதானம் சொல்வாள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். தன் ஆள் யார், பிறத்தியார் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. வளர்ந்த பிறகும் மூன்று நான்கு வயதுவரை, விருந்தாளி வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகளை எல்லா வீட்டிலும் பார்க்கலாம்.

ஆறு வயதில் வேற்றுமுகமே பார்க்காமல், பஸ்ஸிலிருந்து இறங்கும் யார் கழுத்திலும் ஏறிக்கொள்கிற பிள்ளையை அந்தப் பாட்டியிடம் காட்டினால் அவள் சந்தோஷப்படமாட்டாள்.

மருத்துவ உலகம் இதை ரொம்ப நாளாகவே அறியும். இரண்டாம் உலகப் போர் வீடிழக்கச் செய்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை 1951இல் வந்தது. தன்னுடையவர் என்று நிலையாக ஒருவர் இருப்பது குழந்தைக்குச் சோற்றுக்கு அடுத்தபடியான தேவை என்பது அதன் சாரம். 1970களில் பார்பரா டிஸார்ட் லண்டனில் குழந்தைகள் விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். நல்ல விடுதிகள்தான். சாப்பாடு, பொம்மை, புத்தகம் எல்லாம் இருந்தன. ஊழியர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான்கு வயதுக்குள் ஒரு குழந்தையைச் சராசரியாக 50 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் யாரோடும் ஒட்டிக்கொண்டார்கள், யாரோடும் ஆழமாக ஒட்டவில்லை. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கி 136 இல்லக் குழந்தைகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த நீண்ட ஆய்வும் இதை உறுதி செய்தது. சீக்கிரமாகவே ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். இல்லத்திலேயே தங்கியவர்கள் பின்தங்கினார்கள்.

ஹைட்டிப் பையனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு குழு, குழுவுக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொண்டால் 120 பேர். லண்டன் விடுதியில் நான்கு வருடத்தில் 50 பேர். இங்கே இரண்டு மாதத்தில் 120. ஒவ்வொருவரும் அவனைத் தூக்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அவன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏழாம் நாள் போயிருக்கிறார்கள்.

அவன் அனாதைதானா என்ற கேள்வியைப் பயணம் வந்தவர்கள் அநேகமாகக் கேட்பதில்லை. வாசலில் போர்டு இருக்கிறது. ‘ஹாரி பாட்டர்’ புகழ் ஜே.கே. ரவுலிங் நிறுவிய லூமோஸ் என்ற தொண்டு அமைப்பு ஹைட்டியில் இதைக் கேட்டது. சுமார் 750 இல்லங்களில் ஏறத்தாழ 30,000 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பிறகு ஏன் இங்கே? பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஹைட்டியில் பள்ளிக்கூடங்களில் மிகப் பெரும்பான்மை தனியார் நடத்துபவை. ஃபீஸ் கட்ட வேண்டும். யூனிஃபார்ம், புத்தகம், ஷூ. ஐந்து பிள்ளை உள்ள வீட்டில் இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியும் என்றால், மூன்றாவதை, வெள்ளைக்காரர்கள் பணம் அனுப்புகிற இடத்தில் சேர்த்தால் சோறும் படிப்பும் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அம்மா சரி என்பாள். அவள் பிள்ளையைக் கைவிட்டதாக அவள் நினைக்கவில்லை. போர்டிங் ஸ்கூலில் சேர்த்ததாகத்தான் நினைக்கிறாள். இந்தியாவில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்காது.

2017இல் லூமோஸ் இன்னொரு கணக்கை வெளியிட்டது. அந்த இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வெளிநாடுகளிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 7 கோடி டாலர் வந்துகொண்டிருந்தது. அனுப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிலுள்ள கிறிஸ்தவ அமைப்புகள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி பள்ளி ஃபீஸாக அந்தந்த அம்மாக்களின் கைக்குப் போயிருந்தால் எத்தனை போர்டுகள் தேவைப்பட்டிருக்கும் என்பதை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் அம்மாவோடு வீட்டில் இருக்கும் குழந்தையைப் பார்க்க மினி பஸ் போகாது. முப்பது குழந்தைகள் ஒரே கேட்டுக்குள் இருந்தால்தான் வி.பி.எஸ். நடத்த வசதி. சில இல்லக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு, காலியிடத்தை நிரப்ப ஊர் ஊராகப் பிள்ளை தேடினார்கள். அரசின் அனுமதி பெற்ற இல்லங்கள் சொற்பமே. 2020 பிப்ரவரியில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு மதக்குழு நடத்திய அனுமதியற்ற இல்லம் தீப்பிடித்து 15 குழந்தைகள் செத்துப்போனார்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை. மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள்.

மிஷன் பயணம் என்ற நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை உலகம் பார்த்தது 2010இல். ஜனவரி 12ஆம் தேதி மாலை வந்த பூகம்பத்தில் போர்ட்-ஒ-பிரின்ஸ் சரிந்தது. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். பதினேழு நாள் கழித்து, ஜனவரி 29 அன்று, பத்து அமெரிக்கர்கள் ஒரு பஸ்ஸில் 33 குழந்தைகளை ஏற்றிக்கொண்டு டொமினிகன் குடியரசின் எல்லைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்து பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளில் கைக்குழந்தையும் உண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உண்டு. எல்லைக்கு அப்பால் கடற்கரையோரம் ஒரு ஹோட்டலை வாடகைக்குப் பிடித்து அனாதை இல்லம் ஆக்குவது திட்டம். குழந்தைகளை நாட்டைவிட்டு அழைத்துப்போக உரிய காகிதம் எதுவும் கையில் இல்லை. போலீஸ் பத்துப் பேரையும் பிடித்து வைத்தது.

விசாரித்தபோது, பல குழந்தைகள் தலைநகருக்கு வெளியே மலைமேல் உள்ள கலபாஸ் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. அங்கே உள்ளூர் இளைஞர் ஒருவர் செய்தி சொன்னார். அமெரிக்கர்கள் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் படிக்கவைப்பார்கள், விளையாட மைதானம் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், நீங்கள் போய்ப் பார்க்கலாம். வீடு இடிந்து, தெருவில் படுத்திருந்த பெற்றோர் தாங்களே கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நிருபர்களிடமும் ஒளிக்காமல் அதைச் சொன்னார்கள். குழந்தைகளை எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமத்தில் தங்கவைத்தார்கள். அங்கே எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே, தான் அனாதை இல்லை, தனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், ஏதோ கோடை முகாமுக்கோ போர்டிங் ஸ்கூலுக்கோ போவதாகத்தான் நினைத்தேன் என்று சொன்னதாக அந்தக் கிராமத்தின் ஊழியர் பத்திரிகையாளர்களிடம் கூறினார்.

அமெரிக்கர்கள் மேல் ஆள்கடத்தல் வழக்குப் பதிவானது. பிப்ரவரியில் எட்டுப் பேரையும் மார்ச்சில் ஒருவரையும் விடுவித்தார்கள். குழுவின் தலைவி மட்டும் மே மாதம்வரை சிறையில் இருந்தார். முறையற்ற பயண ஏற்பாடு என்ற சிறிய குற்றத்துக்கு, ஏற்கெனவே இருந்த சிறைநாட்களே தண்டனை என்று தீர்ப்பானது. பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் வீடு திரும்பினார்கள். அந்தப் பத்துப் பேரும் குழந்தை விற்கிறவர்கள் இல்லை என்று நம்ப இடமிருக்கிறது. அதுதான் கவலைக்குரிய விஷயம். கடவுள் அனுப்பியதாக மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள் என்பது அவர்கள் எண்ணத்தில் ஏறவில்லை.

சுவர்களின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2008இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது: மெக்சிகோவில் ஒரு கோயிலுக்கு ஒரே கோடையில் ஆறு குழுக்கள் வந்து ஆறு முறை பெயின்ட் அடித்தன. பிரேசிலில் ஒரு அனாதை இல்லத்தின் கால்பந்து மைதானத்தில் ஒரு குழு சுவர் கட்டிவிட்டுப் போக, அவர்கள் போனபின் ஊர்க்காரர்கள் இடித்தார்கள். 1998இல் மிட்ச் புயல் அழித்த ஹாண்டுராஸில், வட அமெரிக்கக் குழுக்கள் பயணச் செலவையும் சேர்த்து ஒரு வீடு கட்ட ஆன செலவு சுமார் 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே வீட்டை 2,000 டாலரில் கட்டியது. கணக்கெடுத்த கர்ட் வெர் பீக், கால்வின் என்ற கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர், ஹாண்டுராஸிலேயே வாழ்பவர். பயணம் போனவர்கள் வாழ்க்கையே மாறிவிடும், பிறகு ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள் என்பது வழக்கமான பதில். அதையும் அவர் சோதித்தார். நீடித்த மாற்றம் அதிகம் தென்படவில்லை.

இந்தக் குறைகளைச் சொன்னவர்களில் பலர் சபைக்குள் இருப்பவர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஏழைகளுக்கு உதவுவதாக நினைத்து அவர்களைப் புண்படுத்துவது எப்படி என்பதைப் பற்றி ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கர்ட் என்ற இரண்டு கிறிஸ்தவப் பேராசிரியர்கள் 2009இல் எழுதிய நூலை அமெரிக்கச் சபைகள் வாங்கிப் படித்தன. சில சபைகள் பயணத்தை நிறுத்தி, உள்ளூர் ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் பணம் அனுப்பத் தொடங்கின. பயணம் நின்றதும் காணிக்கையும் நின்ற சபைகளும் உண்டு. முகம் தெரியாத டீச்சரின் சம்பளத்துக்கு யார் கார் கழுவுவார்கள்?

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இதைப் படிக்கும்போது டோனாவூர் ஞாபகம் வரும். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவில் இறங்கினார். தமிழ் கற்றார். கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1951இல் அங்கேயே இறக்கும்வரை ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. கடைசி இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையில். அவர் செய்தவை எல்லாவற்றையும் எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை, அன்றும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் குழந்தை ராத்திரியில் விழித்து அழுதால், நேற்றிருந்த அதே ஆள் இன்றும் வந்தார். அவர் புதைக்கப்பட்ட இடத்தில் கல்லறைக் கல் இல்லை. பறவைகள் குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ‘அம்மா’ என்ற ஒற்றைச் சொல்.

சட்டங்கள் மெதுவாக வந்தன. 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, அனாதை இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கொண்டுபோவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, அனாதை இல்லங்களில் தன்னார்வச் சேவை, சுற்றுலா ஆகியவை செய்யும் தீங்கைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஹைட்டியில் சட்டத்தைவிட வேகமாக வந்தது துப்பாக்கி. 2021 அக்டோபரில் ஒரு அனாதை இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மிஷன் குழுவினர் 17 பேரை ஒரு கும்பல் கடத்தியது. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். 2024 நவம்பரில் போர்ட்-ஒ-பிரின்ஸ் விமான நிலையத்தருகே அமெரிக்க விமானங்கள் மேல் குண்டு பாய்ந்தபின், அமெரிக்க அரசு தன் நாட்டு விமானங்கள் அங்கே போவதைத் தடை செய்தது. மஞ்சள், நீலம், பச்சைச் சட்டைகள் வேறு நாடுகளுக்குப் போகின்றன.

அதற்கெல்லாம் முன்பு, அந்தக் கோடையில், வெள்ளிக்கிழமை மாலை. விடைபெறும் நேரம். பாட்டு முடிந்தது, பிரார்த்தனை முடிந்தது, எல்லோரும் அழுகிறார்கள். அவள்தான் அதிகம் அழுகிறாள். பையன் அவள் முகத்தைத் துடைத்துவிடுகிறான். எப்போது திரும்பி வருவாய் என்று அவன் கேட்க, ஓரத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறான். சீக்கிரம் வருகிறேன் என்கிறாள் அவள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. தமிழ் வீடுகளிலும் ‘போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வாசல் தாண்டுவதில்லை, ‘போய்ட்டு வர்றேன்’தான். அங்கே பெரியவர்களுக்கு அது வழக்கு என்று தெரியும். மொழிபெயர்ப்பாளன் ஒரு நிமிடம் அவளைப் பார்க்கிறான், பையனைப் பார்க்கிறான், பிறகு கிரேயோலில் ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. மினி பஸ் கிளம்புகிறது. ஜன்னல் வழியாக எடுத்த கடைசிப் படத்தில் பையன் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான், மணிக்கட்டில் ஐந்து நிறக் கயிறு.

சனிக்கிழமை காலை இல்லத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெடித்த பலூன்களைப் பொறுக்கிப் போடுகிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஹாரன். நீலச் சட்டைக்காரர்கள். பையன்தான் முதலில் ஓடுகிறான். முதலில் இறங்கியவர் அவனைத் தூக்கிக்கொண்டு, வழக்கமாகக் கற்றுக்கொண்டு வருகிற ஆறேழு கிரேயோல் வார்த்தைகளில் ஒன்றை எடுத்து, உன் பெயர் என்ன என்று கேட்கிறார்.

சொல்கிறான்.